மிச்சம் வைக்காமல்

நாற்றங்காலில் இறங்கிவிட்டால் அஞ்சுகத்துக்குக் கையும் வாயும் சேர்ந்தேதான் ஓடும். குரும்பகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. அவளுக்குப் பக்கத்தில் குந்தி நாற்றுப் பறிக்கக் கிடைத்தவளுக்கு இடுப்பு வலியே தெரியாது என்பார்கள். அந்தப் புரட்டாசிக் காலையில் கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பறித்த நாற்றைத் தண்ணீரில் அலசி, புறங்காலில் தட்டிச் சேற்றை உதறி, முடிச்சுப் போட்டுப் பின்னால் எறிந்துகொண்டே போனாள். வாயைத் திறக்கவில்லை.

மங்கையர்க்கரசி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். கூடவே வேலைக்கு வருகிறவள், பக்கத்து வீட்டுக்காரி, அவளால் எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்.

"என்னாடி, மருமவ இன்னும் வரலையா?"

"வரல."

"போனாவது பண்ணுச்சா?"

"எனக்குப் பண்ணுச்சு. அவனுக்குப் பண்ணல."

"ஒனக்கு என்னான்னு?"

"சாப்டீங்களா அத்தைன்னு கேட்டுச்சு. இடுப்புக்குத் தடவுற தைலம் பீரோவுக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்லுச்சு. அவ்ளோதான்."

"அட கிறுக்கு. வந்து கூப்புடுங்கன்னு அதுக்கு மேல எப்புடிடி சொல்லும்? மருதையன் அண்ணன அழச்சிக்கிட்டுப் போயி தண்ணி குடிச்சிட்டு வாங்க."

தண்ணி குடிக்கப் போவது என்றால் அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்ணை அழைத்துவரப் போவதற்கு அதுதான் பெயர். இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் இருக்கும்வரை ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள். பூவும் பழமும் வாங்கிக்கொண்டு நாலு பேர் போவார்கள். பெண்வீட்டார் செம்பில் தண்ணீர் கொடுப்பார்கள், வாங்கிக் குடிப்பார்கள். அப்புறம் மழை, மடை, உரம், யாருடைய மாட்டுக்கோ வந்த காய்ச்சல், எல்லாம் பேசுவார்கள். எதற்காகச் சண்டை, யார் என்ன சொன்னார்கள் என்ற பேச்சே எழாது. எழக்கூடாது. பேச்சு தானாக வற்றும்போது யாராவது ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார். பெண் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துவிடும்.

மருதையன் இதில் கைதேர்ந்தவர். அஞ்சுகத்துக்குப் பெரியப்பா மகன். மழையைப் பற்றிப் பேசியே ஊரில் பாதிக் குடும்பத்தை ஒட்டவைத்தவர் என்று அவரைக் கேலி பண்ணுவார்கள். கேலிதான் என்றாலும் பொய் இல்லை.

அஞ்சுகத்துக்குத்தான் அது இப்போது பத்தவில்லை. "எதையும் பேசாம கூட்டியாந்தா என்னாடி அர்த்தம்? உள்ள உள்ளது உள்ளயேல்ல கெடக்கும்," என்றாள்.

"கெடந்துட்டுப் போவுது."

"அது தப்புடி மங்கை. டி.வி.யில பாக்கலையா நீ?"

மங்கையர்க்கரசி ஒரு முடிச்சை எறிந்தாள். அவள் வீட்டில் கேபிள் அறுந்து ரொம்ப நாளாகிறது.

*

அஞ்சுகத்தின் வீட்டில் ஏழு மணி என்றால் 'திறந்த மனசு'. நாள் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு வந்து, வெந்நீரில் காலைக் கழுவி, சென்னாக்குன்னிக் கருவாட்டை வறுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சிவப்பு சோபாவின் இரண்டு ஓரத்திலும் சண்டைக்காரர்கள் இருப்பார்கள். புருஷன் பெண்டாட்டியாக இருக்கும், மாமியார் மருமகளாக இருக்கும். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். குரல் பாலில் போட்ட பனங்கற்கண்டு. "மிச்சம் வைக்காம சொல்லுங்கம்மா," என்பார். சொல்லச் சொல்ல, "இன்னும் மிச்சம் இருக்கு, உங்க கண்ணுலயே தெரியுது," என்பார். எல்லாவற்றையும் கொட்டி முடித்தால் மேலே பச்சை விளக்கு எரியும். இரண்டு பேரும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். வாயைத் திறக்காமல் உம்மென்று இருப்பவர்களுக்கு விளக்கும் கிடையாது, கைதட்டும் கிடையாது. "இவங்க இன்னும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்காங்க," என்று அந்த அம்மாள் நம்மைப் பார்த்துச் சொல்வார்.

டி.வி.யைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அஞ்சுகத்தைப் பார்த்தா பேசியது? ஆனால் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். படித்தவர்கள், நல்ல புடவை கட்டியவர்கள், பட்டணத்தில் இருப்பவர்கள் எல்லாம் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள், நாம்தான் எல்லாவற்றையும் மூடி மூடி வைத்துப் பாழாகிறோம் என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

மருமகள் மதிவதனியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். காலேஜ் முடித்த பெண். காரைக்கால் டவுனை ஒட்டிய தருமபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், வந்த புதிதில் வரப்பில் நடக்கத் தெரியாமல் வழுக்கி விழுந்து எல்லோரையும் சிரிக்கவைத்தவள். அஞ்சுகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழும்போது, "அத்தை, சோத்துல உப்பு ஏறப்போவுது," என்பாள்.

"போடி. அந்தம்மா எப்புடி மன்னிப்புக் கேட்டுச்சு பாரு."

"கேட்டாங்க, சரி. வீட்டுக்குப் போயி என்னாச்சுன்னு காட்ட மாட்டாங்கல்ல."

"நல்லாத்தான் இருப்பாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டாங்கல்ல."

மதிவதனி சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிக் கழுவப் போய்விடுவாள். மாமியாரை மடக்க வேண்டும் என்று அவளுக்கு எப்போதும் தோன்றியதில்லை.

அந்த வீட்டில் மூடி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். மகன் அகரனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு வந்த வலிப்பு விடவே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும், இரண்டு முறை வரும். பெண் பார்க்கப் போனபோது மதிவதனியின் அப்பா வைரக்கண்ணு, "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே," என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். "குத்துக்கல்லாட்டம் இருக்கான்," என்று அஞ்சுகம் சொல்லிவிட்டாள். அன்று ராத்திரியெல்லாம் அவள் தூங்கவில்லை. ஆனாலும் திருத்திச் சொல்லப் போகவில்லை.

கல்யாணமான மூன்றாம் மாதம் அகரன் அடிபம்புக்குப் பக்கத்தில் விழுந்தான். அஞ்சுகம் கையில் அரிவாளோடு ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். மதிவதனி கத்தவில்லை. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கொடுத்து, வாயில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவன் தெளிந்து தூங்கிய பிறகு அடுப்படிக்கு வந்தாள். அஞ்சுகம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். காலில் விழப்போன மாமியாரை அந்தப் பெண் பிடித்து நிறுத்தியது.

"எங்க வீட்டுக்குத் தெரிய வேணாம் அத்தை. நமக்குள்ள இருக்கட்டும்."

அதன் பிறகு அவளே அகரனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மாத்திரை வந்தது, வலிப்பு நின்றது. அறுவடை மிஷினும் டிராக்டரும் ஓட்டிக்கொண்டிருந்தவனை மன்றாடி இறக்கி, காரைக்கால் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்த்தாள். ஆணி நிறுக்கிற வேலை அவனுக்குக் கசந்தது. இருந்தாலும் அவளுக்காகப் போனான்.

இந்தப் புரட்டாசியில் ஊரெல்லாம் சேற்றுழவு நடந்தது. கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான் என்று கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒருநாள் டிராக்டர் ஏறிவிட்டான். சட்டையில் இருந்த சேற்றைப் பார்த்து மதிவதனி கண்டுபிடித்தாள். வார்த்தை தடித்தது. "என்னைய நோயாளின்னு நெனச்சா ஒங்கப்பன் வீட்டுல போயி இரு," என்றான் அவன். அவள் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே என்ன காரணம் சொன்னாளோ, பெற்றவர்கள் அதைச் சாதாரணச் சண்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. அகரன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனான். முத்தையன், அஞ்சுகத்தின் புருஷன், எப்போதுமே நாக்கை அடகு வைத்த மனுஷன். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலே கதி என்று கிடந்தார். அஞ்சுகம் மட்டும் ஏழு மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். ஒரு நாள் சேலம் பக்கத்து மாமியார் ஒருத்தி, மருமகள் தனக்குச் செய்த நல்லதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். "இத்தனை நாளா இதை நாலு பேரு முன்னாடி சொல்லலியேம்மா நான்," என்றாள். மருமகள் ஓடிவந்து மடியில் விழுந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அஞ்சுகம் வாயில் வைத்த சோற்றை விழுங்க முடியாமல் அழுதாள். மதியைப் பற்றி நாம் யாரிடம் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டாள்.

*

ஐப்பசி பிறந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகத் தருமபுரத்துக்குக் கிளம்பினார்கள். நெடுங்காட்டில் பஸ் ஏறியபோது தூறிக்கொண்டிருந்தது. அகரன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தான். முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து நடவு முடிந்த வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். முத்தையன் அவன் பக்கத்தில். பின்னால் மருதையன் மடியில் பழப்பையை வைத்துக்கொண்டு அஞ்சுகத்துக்குப் பாடம் நடத்தினார்.

"வாயத் தொறக்கக் கூடாது. கேட்டா பதில் சொல்லு. வைரக்கண்ணு நல்ல மனுசன். ஆபீசுல வேல பாத்தாலும் வயக்காட்டுப் பேச்சுப் பேசுனா உருகிடுவாரு. மத்தத நான் பாத்துக்குறேன்."

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். எதுக்காவப் போறோம்னு ஒரு வார்த்த சொல்லாம எப்புடிண்ணே?"

"எல்லாருக்கும் தெரியுமே புள்ள. தெரிஞ்சத எதுக்குச் சொல்றது?"

"மனசுல உள்ளது மனசுலயே கெடந்தா நல்லதா?"

"கெடக்கத்தானே மனசுன்னு ஒண்ணு குடுத்திருக்கான். இல்லாட்டி வாய மட்டும் குடுத்திருப்பான்ல."

அஞ்சுகம் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மல்லிகைப்பூ வாங்கும்போது, மதிக்கு அரும்பாக இருந்தால்தான் பிடிக்கும் என்று சொல்லிக் கடைக்காரியைப் பந்தை அவிழ்க்கவைத்தாள். ஆட்டோவில் தருமபுரத்துக்குப் போகிறவரை அந்தப் பூவை ஈரத் துணியோடு கையிலேயே வைத்திருந்தாள்.

வைரக்கண்ணு வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க," என்றார். நல்ல சகுனம் என்று மருதையன் கண்ணைக் காட்டினார். உள்ளே நாற்காலி போட்டுத் தயாராக இருந்தது. மதிவதனியின் அம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து காபி வாசனையும் ரவை வறுக்கும் வாசனையும் வந்தது. அறை வாசலில் ஒரு பை ஜிப் போட்டு நிமிர்ந்து நின்றது. அஞ்சுகத்துக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் குளிர்ந்தது.

மதிவதனி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மருதையனுக்கு, முத்தையனுக்கு, அஞ்சுகத்துக்கு, கடைசியில் அகரனுக்கு. அவன் தலையைத் தூக்காமல் வாங்கினான். செம்பு கை மாறும்போது அவள் விடாமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். வேறு யாரும் கவனிக்கவில்லை, அஞ்சுகம் கவனித்தாள்.

"மடைக்குத் தண்ணி வந்துடுச்சா சம்பந்தி?" என்றார் வைரக்கண்ணு.

"வந்துச்சு. நம்மளுது கடைமடதானே," என்றார் முத்தையன். அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"இங்க நேத்து நல்ல மழ. ஆபீசு வாசல்ல முட்டிக்காலுத் தண்ணி."

"பேயட்டும்," என்றார் மருதையன். "இப்ப பேஞ்சாத்தான் நட்ட பயிரு நிமிரும். மேல ஒரம் போட்டா புடிச்சுக்கும். என்னா, நடவு நேரத்துல வீட்டுல கைக்கு ஒதவியா ஆளு இல்ல. தங்கச்சி ஒத்தையில கெடந்து அல்லாடுது."

வைரக்கண்ணு காபியை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"ஆமா, நடவு நேரத்துல வீட்டுல ஆளு வேணுந்தானே."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மதிவதனியின் அம்மா கேசரியும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். யாரோ ஒருவருடைய பசுமாடு கன்று போட்டதைப் பற்றிப் பேச்சு ஓடியது. அகரன் இரண்டாவது வடையை எடுத்தான். மதிவதனி தலை நிறைய அந்தப் பூவை வைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். மருதையன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எல்லோரும் எழுந்தார்கள். வைரக்கண்ணு பையைத் தூக்கி மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அந்த நேரத்தில் அஞ்சுகத்துக்கு மனது நிறையாமல் போய்விட்டது. இவ்வளவு செய்த பெண் ஒன்றும் செய்யாதவள் மாதிரி, கோபித்துக்கொண்டு வந்தவள் என்ற பெயரோடு பையைத் தூக்கிக்கொண்டு வருகிறதே என்று இருந்தது. அப்பா அம்மாவுக்குக்கூட இவள் அருமை தெரியாதே என்று ஆற்றாமை பொங்கியது.

"ஒரு நிமிசம் சம்பந்தி. நான் ஒண்ணு சொல்லணும்."

"அஞ்சுகம், பஸ்ஸு," என்றார் மருதையன்.

"அடுத்த பஸ்ஸு வரும்ண்ணே. சம்பந்தி, ஒங்க பொண்ணு எப்பேர்ப்பட்ட பொண்ணுன்னு ஒங்களுக்கே தெரியாது."

வைரக்கண்ணு சிரித்தார். "நம்ம வீட்டுப் பொண்ணுதானே சம்பந்தியம்மா."

"அத்தை, போவலாம்," என்றாள் மதிவதனி. அவள் முகம் மாறியதை அஞ்சுகம் பார்த்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தாள். டி.வி.யிலும் முதலில் எல்லா மருமகள்களும் இப்படித்தான் வேண்டாம் என்பார்கள்.

"இரு தாயி, நான் மிச்சம் வைக்காம சொல்லிடுறேன். தப்பு எம்மேலதான் சம்பந்தி. எம் புள்ளைக்கு வலிப்பு உண்டு. பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க கேட்டீங்க, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கான்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்கு வந்த மூணாம் மாசமே இது கண்ணால பாத்துடுச்சு. வேற பொண்ணா இருந்தா அன்னைக்கே கெளம்பிருக்கும். இது எம் புள்ள வாயத் தொடச்சி விட்டுட்டு, எங்க வீட்டுக்குத் தெரிய வேணாம் அத்தைன்னு சொல்லுச்சு. ஆஸ்பத்திரிக்கு அழச்சிக்கிட்டு அலஞ்சிச்சு. மாத்திரைய எடுத்து எடுத்துக் குடுத்து அவன மனுசனாக்கி வச்சிருக்கு. வண்டி ஓட்டாதன்னு சொன்னதுக்குத்தான் இந்தச் சண்டையே. ஒரு வார்த்த ஒங்ககிட்ட சொல்லிருக்குமா? எம் புள்ள மானத்தக் காப்பாத்துச்சு சம்பந்தி. நான் பெத்திருந்தாக்கூட..."

"அம்மா," என்றான் அகரன். அவ்வளவு மெல்லிய குரலை அவனிடம் அவள் கேட்டதே இல்லை.

அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள். மதிவதனி வரவில்லை. கதவைப் பிடித்தபடி தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதையன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். விரித்த கையை என்ன செய்வது என்று அஞ்சுகத்துக்குத் தெரியவில்லை.

வைரக்கண்ணு கத்துகிற மனுஷன் இல்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"சின்ன வயசுலேர்ந்துங்க."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஒனக்கு இவ்ளோ நாளாத் தெரியுமா?"

மதிவதனி தலையாட்டினாள்.

"ஒரு தடவ எங்கிட்ட சொல்லணும்னு தோணலியாம்மா ஒனக்கு? நீ வந்த ஒவ்வொரு தடவையும் நல்லாருக்கியான்னு கேட்டேனே. நல்லாருக்கேன்னியே."

"நல்லாத்தான்ப்பா இருந்தேன்."

பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஏமாந்தது ஒரு பக்கம். பெற்ற பெண்ணே தன்னை வெளியில் நிறுத்திக் கதவைச் சாத்தியிருந்தது இன்னொரு பக்கம். எது அவரை அதிகம் அறுத்தது என்று யாருக்குத் தெரியும். மாப்பிள்ளையின் கையிலிருந்து பையை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போயிட்டு வாங்க. இத நான் யோசிக்கணும்."

"மாமா, இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல மாமா," என்றான் அகரன். "மாத்திர சாப்புடுறேன். அது வந்து ரொம்ப நாளாச்சு." குழந்தை சொல்வதுபோல் இருந்தது. சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையோடு வெளியே போய்த் தெருவில் நடக்க ஆரம்பித்தான். முத்தையன் அவன் பின்னாலேயே ஓடினார்.

*

அஞ்சுகம் கடைசியாக வெளியே வந்தாள். கேட்டைத் திறக்கும்போது மதிவதனி பின்னால் வந்து நின்றாள். தூறல் விழுந்து அவள் தலைப்பூவெல்லாம் நனைந்திருந்தது.

"ஏன் அத்தை?"

அஞ்சுகத்துக்கு அப்போதும் முழுசாக விளங்கவில்லை. "ஒன்னய நல்ல பொண்ணுன்னு நாலு பேரு முன்னாடி சொல்லணும்னு நெனச்சேன் தாயி. யாருமே சொல்லலியேன்னு இருந்துச்சு."

"நீங்க தெரிஞ்சு வச்சிருந்தீங்கல்ல. எனக்கு அது போதுமா இருந்துச்சு அத்தை."

அப்போதுதான் அஞ்சுகத்துக்கு விளங்கியது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ வந்துடு தாயி. இப்பயே வந்துடு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றாள்.

"இனிமே எப்புடி அத்தை வருவேன்? நான் ஒங்க புள்ள மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் இன்னைக்கு இந்தக் கூடத்துல நின்னதுதான் அவருக்கு ஞாபகம் வரும். எங்கப்பா மூஞ்சியப் பாத்தா நான் பொய் சொன்னது ஞாபகம் வரும். அவரு சாப்புட்டுட்டாருன்னா காலையில மாத்திர ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மறந்துடாதீங்க. மழையில நனையாதீங்க, போங்க."

மதிவதனி உள்ளே போய்விட்டாள். மருதையன் வந்து அஞ்சுகத்தின் தோளைப் பிடித்து நடத்தினார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ்ஸில் அகரன் முன் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே வந்தான். உட்கார இடம் இருந்தது. அன்று மட்டுமில்லை, அதன் பிறகும் அவன் அம்மாவை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. திட்டினால் தேவலை என்று அவள் சாமியை வேண்டிக்கொண்டாள்.

மருதையன் மூன்று தடவை தருமபுரத்துக்குப் போய்வந்தார். அங்கே அவருக்கு நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுக்கவில்லை. வீட்டில் ஏழு மணிக்கு டி.வி. ஓடியது. யாரோ யாரையோ கட்டிக்கொண்டு அழுதார்கள். முத்தையன்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அஞ்சுகம் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை.

யாருக்கும் தெரியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. அகரன் கடைக்குப் போன பிறகு, காலை வேளையில், அஞ்சுகத்தின் போன் அடிக்கும்.

"அத்தை, மாத்திர சாப்புட்டாரா?"

"சாப்புட்டான் தாயி."

"ராத்திரி தூங்குறாரா?"

"தூங்குறான்."

"சரிங்கத்தை."

இவ்வளவுதான் பேச்சு. அதற்காகவே அஞ்சுகம் நடவு முடிந்து களையெடுப்பு வரைக்கும் போனை மடியில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள். மார்கழியில் ஒரு நாள் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு மதிவதனி போனை வைக்கவில்லை.

"இனிமே பண்ண மாட்டேன் அத்தை. அப்பா பேசி முடிச்சுட்டாரு. தையில கல்யாணத்த முறிச்சு எழுதிக் குடுத்துடலாம்னு சொல்றாரு. நான் சரின்னுட்டேன்."

அஞ்சுகம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கேட்டுக்கிட்டிருந்தேன்னு அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா ஓடியாந்து எங்க வாசல்ல நிப்பாரு. எங்கப்பா எதிர்ல அவரு மறுபடி தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கிறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்ல மாட்டேன் தாயி."

"சத்தியமா?"

"ஒம் மேல சத்தியமா."

தை முடிவதற்குள் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். சம்பா அறுப்புக்கு வந்தது. மிஷின் வயலில் இறங்கி ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அகரன் கடைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். அஞ்சுகம் மத்தி மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். மிஷின் சத்தம் கூடத்துவரை கேட்டது. ஒரு வாய் எடுத்தவன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"அம்மா, மதி எப்பவாச்சும் போனு பண்ணுச்சா? என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டுச்சா?"

தினமும் கேட்டாடா, நீ தூங்குனியா சாப்புட்டியான்னு ஒருநாள் விடாம கேட்டாடா என்று அஞ்சுகம் சொல்லத் துடித்தாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அவன் இத்தனை மாசமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள்.

"கேக்கலப்பா," என்றாள்.

அகரன் தலையாட்டினான்.

"ஏன் கேக்கணும்? அதானே," என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான்.